அந்த வேலியை வைத்தது யார்?

இது நடந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்போது நாங்கள் நாமக்கல்லில், டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதிதாக வந்திருந்த ஒரு காலனியில் குடியிருந்தோம். என் கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஆறு வயது.

காலனி நடுவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று இருந்தது. ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஒரு தண்ணீர்க் குழாய். மற்ற இடமெல்லாம் பார்த்தீனியமும் ஊமத்தையும். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டோம். ஆனால் எந்தச் செடி வைத்தாலும் மறுநாளே ஆடு வந்து மேய்ந்துவிடும். வேலிக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது நான்தான் காட்டாமணக்கைச் சொன்னேன். குச்சியை வெட்டி நட்டாலே போதும், ஆடு மாடு வாய் வைக்காது. என் பிறந்த ஊர் ஜேடர்பாளையம் பக்கம். அங்கே பாதிக் காடு தோட்டத்துக்கு அதுதான் வேலி. என் அண்ணன் ஒரு கட்டு குச்சி கொண்டுவந்து போட்டார். நானே சுற்றிலும் நட்டேன்.

ஆடு ஏன் வாய் வைக்காது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடத்தில் வேலி ஆள் உயரம் வந்துவிட்டது. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசுக்கு இதமாக இருக்கிறது. நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் அங்கேதான். நான் பூக்கட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பேன். காட்டாமணக்கு இலையைக் கிள்ளினால் காம்பில் பால் வரும். அதை ஊதினால் சோப்பு நுரை மாதிரி குமிழி பறக்கும். சின்ன வயதில் நாங்கள் விளையாடியது. அதைக் காலனிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். குமிழிக்குள் தெரியும் கலரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்க்கவே நான் நாலு இலை சேர்த்துக் கிள்ளுவேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரைவர். வடக்கே போனால் திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும். நாலு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அவள் தனியாக இருந்தாள். என்னை விடப் பத்து வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். அவள் பையனும் என் மகளும் எப்போதும் ஒன்றாகவே திரிவார்கள். அவர்கள் பின்னாலேயே ஒரு செவலை நாய்க்குட்டி. யாருடைய குட்டியும் இல்லை. எல்லா வீட்டுப் பாலும் குடித்து வளர்ந்தது.

காலாண்டுப் பரீட்சை லீவு சமயம். தைக்க வேண்டியது நிறைய இருந்ததால் அன்றைக்குப் பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு நான் அரை மணி நேரம் கழித்துத்தான் போனேன். குழாயடியில் நாய்க்குட்டி நிற்க முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பருப்புத் துண்டுகள்.

மகளைக் கூப்பிட்டேன்.

"நாய்க்கு என்ன சாமி குடுத்தீங்க?"

"முந்திரிப் பருப்பும்மா. நாங்க கடை வச்சு விளையாடறோம்."

சறுக்கின் அடியில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் உரித்த காட்டாமணக்குக் கொட்டை. கறுப்புத் தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

"நீங்க தின்னீங்களா?" என்று அவள் வாயைத் திறந்து பார்த்தேன்.

"நானு ரெண்டு. தம்பி நெறையத் தின்னான். கல்லக்காப் பருப்பு மாதிரி நல்லா இருந்துச்சும்மா."

அந்தக் கொட்டை வாயில் படக்கூடாது என்று சின்ன வயதில் எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்கள். ஊரில் வேலி இருந்தது. கூடவே அந்தப் பேச்சும் இருந்தது. நான் இங்கே வேலியை மட்டும்தான் கொண்டுவந்திருந்தேன்.

பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் அம்மா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னேயே என் தோளில் வாந்தி எடுத்துவிட்டான். எதிர் வீட்டம்மா உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். என் கணவருக்கு போன் போட்டேன். "ஒண்ணும் குடுக்காத. அந்தக் காயைக் கையில எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ, நான் அங்க வாரேன்" என்றார். ஒரு கொத்துக் காயை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைகளோடு ஆட்டோவில் ஏறினோம். போகிற வழியெல்லாம் பையனுக்கு வாந்தி நிற்கவில்லை. வயிற்றாலும் போக ஆரம்பித்துவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. அவள் அழக்கூட இல்லை. அவன் காலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். காயைக் காட்டினேன். "எடுத்துட்டு வந்தது நல்லதாப் போச்சு. உப்புத் தண்ணி எதுவும் குடுக்கலயே?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பேருக்கும் டிரிப்ஸ் போடச் சொன்னார். பிறகு எழுதிக்கொண்டே, "இது எங்க இருந்துச்சு?" என்றார்.

"காலனிப் பார்க்குலங்க."

"பிள்ளைங்க விளையாடற எடத்துல இதை யாரு வச்சது?"

பையனின் அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள்.

"யாரும் வைக்கலீங்க. தானா மொளச்சதுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டரம்மா எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மகள் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பையன்தான் துவண்டு கிடந்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அம்மா, "அக்கா பார்க்கலன்னா என் புள்ள இல்ல" என்றாள். ஒவ்வொரு முறை அவள் அதைச் சொல்லும்போதும் எனக்கு எங்காவது எழுந்து போய்விடலாம் போல இருக்கும். நாய்க்குட்டி செத்துப்போன தகவலும் வந்தது. பிள்ளைகளிடம் அதை நாங்கள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பையன் இட்லி கேட்டான். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். குழாயில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அது தானா மொளைக்கல. நாந்தான் நட்டேன். திங்கக்கூடாதுன்னும் எனக்குத் தெரியும். நாந்தான் யாருகிட்டயும் சொல்லல."

அவள் குழாயை மூடினாள்.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"நான் குடி வந்த அன்னிக்கே பார்க்கைச் சுத்திக் காட்டி, இந்த வேலி நான் வச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அப்படியானால் அன்றைக்கு டாக்டர் முன்னால் நான் பொய் சொன்னபோது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளை கண் செருகிக் கிடந்த அந்த நேரத்திலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"அப்பவே ஏன் கேக்கல?"

"என் பையனைத் தூக்கிட்டு வந்ததும் நீங்கதானேக்கா. அத்தனை பேர் முன்னாடி உங்கள என்னன்னு கேக்கறது?" என்றவள், டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தாள். ரெண்டடி போய்த் திரும்பி, "கோவம் இல்லாம இல்லக்கா. இருக்குது. கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

நான் டாக்டரம்மாவைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. முதலில் அதை வெட்டுங்கள், மற்ற காலனிகளிலும் சொல்லுங்கள் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் கொடுவாளோடு போனோம். விஷயம் தெரிந்து காலனியே வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு வேர் விடாமல் தோண்டி எடுத்தோம். அவள் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இரண்டு மாதம் போல அவள் என்னிடம் அளவாகத்தான் பேசினாள். அப்புறம் ஒரு நாள் ஜாக்கெட் துணியோடு வந்து, "அக்கா, பழைய அளவே வச்சிருங்க" என்று உட்கார்ந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். வேலியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

இப்போது அந்தக் காலனியில் நாங்கள் யாரும் இல்லை. பூங்காவுக்கு இரும்புக் கம்பி வேலி போட்டுவிட்டார்களாம். என் மகள் காலேஜில் படிக்கிறாள். அந்தப் பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறது. எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அரளியோ ஊமத்தையோ கண்ணில் பட்டால், அங்கே இருக்கிற அம்மாக்களிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். சிலர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்றை மட்டும் இன்னும் என்னையே கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: தன் பிள்ளை உயிருக்குப் போராடும்போதும் எதிரில் நிற்பவரின் பொய்யை உடைக்காமல், அவராக வந்து உண்மையைச் சொல்ல இடம் விட்ட அந்தப் பெண்ணின் மனசு எனக்கு ஒரு நாளாவது வாய்க்குமா என்று.