மந்திரவாதிக்கு வாள் கிடையாது

போன சனிக்கிழமை ஒரு ராட்சதன் என் எதிரில் நிற்கிறான். என் காலடியில் பளபளவென்று ஒரு வாள். குனிந்தால் எடுத்துவிடலாம். எடுக்கக் கூடாது என்கிறார்கள்!

பயப்படாதீர்கள், எல்லாம் காகிதத்தில்தான். கிடர்பூர் துறைமுகத்தில் எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீஸுக்கு வந்துபோகும் ஒரு கப்பல் அதிகாரி, ஒரு விளையாட்டுப் புத்தகத்தையும் இருபது முகம் கொண்ட பகடை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, குகைக்குள் போய்ப் புதையல் தேட வேண்டும். சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். வேலை முடிந்ததும் பொரியும் கத்திரிக்காய் பஜ்ஜியும் வாங்கி வைத்துக்கொண்டு, அங்கேயே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறோம். நாற்பது வயசுக்கு மேல் இது தேவையா என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

விளையாட்டை நடத்துகிறவர் பிஸ்வா-தா (வங்காளத்தில் அண்ணனுக்குத் 'தா', அக்காவுக்குத் 'தி'), எங்கள் யூனியன் செக்ரட்டரி. ரூல் என்றால் அவருக்கு உயிர். டைப்பிஸ்ட் மிதாலி-திக்கு வாள் வீசும் சண்டைக்காரி வேஷம். எந்த ஆயுதமும் எடுக்கலாம். நான் மந்திரவாதி, எனக்குத் தடியும் சின்னக் கத்தியும் மட்டும். பூசாரி வேஷம் என்றால் இன்னும் வேடிக்கை. ரத்தம் சிந்தக் கூடாதாம், அதனால் வாள் கிடையாது... ஆனால் கதாயுதத்தால் மண்டையைப் பிளக்கலாம்!

அன்றைக்கு ராட்சதன் போட்ட போட்டில் சண்டைக்காரி மயங்கி விழுந்துவிட்டாள். அவள் வாள்தான் என் காலடியில் கிடந்தது. எனக்கிருந்த ஒரே மந்திரத்தையும் வெளிச்சம் வரவழைப்பதற்குச் செலவழித்துத் தொலைத்திருந்தேன்.

"வாளை எடுக்கிறேன்" என்றேன்.

"ஹொபே நா!" என்றார் பிஸ்வா-தா. நடக்காதாம்.

"ஏன் தாதா? கை இருக்கு, வாள் இருக்கு..."

"மணி பாபு, இன்னிக்கு மந்திரவாதியே வாள் வீசட்டும்னு விட்டா, நாளைக்கு எவன் சண்டைக்காரிக்குச் சோறு போட்டுக் கூட்டிட்டுப் போவான்? மந்திரவாதி ஒருத்தனே போதும்னுடுவான்!"

நான் சிரித்தேன். மிதாலி-தி சிரிக்கவில்லை. பஜ்ஜியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

"புதன்கிழமை என் லெட்டரையெல்லாம் நீங்கதானே அடிச்சீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவர் லீவு. மானேஜர் அவசரப்பட்டார் என்று, அக்கவுன்ட்ஸ் குமாஸ்தாவான நான் அவருடைய மெஷினில் உட்கார்ந்து மூன்று கடிதம் தட்டிக் கொடுத்தேன். மெட்ராஸில் ரயிலேறும்போது என் கையில் இருந்ததே டைப்ரைட்டிங் சர்ட்டிஃபிகேட் ஒன்றுதானே? "ஒரே ஆள், ரெண்டு வேலை!" என்று மானேஜர் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிதாலி-தி டெம்பரரி. அவருடைய ஆறு மாச எக்ஸ்டென்ஷன் திங்கட்கிழமை முடிவாக வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான். வெட்கமாகப் போய்விட்டது.

வாளைத் தொடவில்லை. சண்டைக்காரியின் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு குகையை விட்டு ஓடினேன். ஓடுவதற்கு எந்த வேஷத்துக்கும் தடையில்லை என்று பிஸ்வா-தாவே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

தெரிந்த வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாருடையது என்று கேட்கிறோமா?

திங்கட்கிழமை மானேஜர் கூப்பிட்டார். "மணி, டைப்பிங்கையும் இனிமே நீங்களே பார்த்துக்கலாமே?"

"மறந்துபோச்சு சார்."

"புதன்கிழமைகூட அடிச்சீங்களே!"

"அதோட மறந்துபோச்சு சார்."

ஏற இறங்கப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மிதாலி-தியைக் கூப்பிட்டார்.

தன்னுடைய எக்ஸ்டென்ஷன் ஆர்டரைத் தானே அடித்துக்கொண்டார் மிதாலி-தி... மூன்று கார்பன் வைத்து, நாலு காப்பி!