கால் வலிக்குது என்றாள் என் மகள்

அண்ணாமலையாரை நம்பும் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நயமாகப் பேச வராது, வாய் ஜாஸ்தி. அந்த வாயால் என் மகள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நந்தினி பிறந்த மாதமே, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தால் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறோம் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். வருடம் ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். நாலு வருடம் போனோம். அப்புறம், மலையைத்தான் சுற்றுகிறோமே, அவர் பார்த்துக்கொள்வார் என்று நிறுத்திவிட்டோம். நிறுத்தியது நான்தான்.

சின்னதில் அவள் அப்பா தோளில் வருவாள். பிறகு நடந்தாள். ஒன்பது வயதில், கிரிவலப் பாதையில் நாலாவதாக வரும் நிருதி லிங்கத்தை அடைவதற்குள் கால் வலிக்குது என்று உட்கார ஆரம்பித்தாள். வேண்டுதல் நடையில் உட்காரக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். "சாக்கு சொல்லாத, எழுந்து நட" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவேன். பாதம் சில்லென்று இருக்கும். வெறுங்காலில் நடப்பதால் என்று நினைத்தேன்.

போன ஆடியில் பள்ளிக்கூட மருத்துவ முகாமில் பிரஷர் ஜாஸ்தி என்று எழுதிக் கொடுத்தார்கள். சென்னைக்கு ஓடினோம். டாக்டரம்மா கையில் நாடி பார்த்தார். தொடையில் விரல் வைத்து வெகுநேரம் நின்றார். தைத்த இடம் மறுபடி சுருங்கிவிட்டதாம். காலுக்கு ரத்தம் போவது கம்மி.

"நடந்தா கால் வலிக்குதுன்னு சொல்லுவாளா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் உள்ள பலூனைச் சுருங்கிய இடத்தில் விரிப்பார்களாம். ரத்தக்குழாய் கிழிந்தும் போகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். அழுகை வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். எதிரில் யாரோ இட்லி சாப்பிட்டார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் ஒரு வேண்டுதல் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இதற்கும் அவள் காலைத்தானே அடகு வைப்பேன்?

"அண்ணாமலையாரே, பதிலுக்கு எதுவும் செய்யறேன்னு சொல்ல மாட்டேன். எம்பொண்ணக் குடு." அவ்வளவுதான் கேட்டேன்.

டாக்டரம்மா வெளியே வந்து, நல்லபடியாக விரிந்துவிட்டது என்றார். நந்தினி காலை மடக்காமல் படுத்திருந்தாள். போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது. அப்போதுதான் அழுதேன்.

இப்போது செக்கப்பைத் தவறவிடுவதில்லை. நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபிறகு, போன பௌர்ணமிக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள். நிருதி லிங்கம் பக்கத்தில் நின்று, "கால் வலிக்குதாடி?" என்றேன்.

"எனக்கில்லம்மா. உனக்கு வலிச்சா சொல்லு, உக்காரலாம்" என்று சிரித்தாள்.

உட்கார்ந்தோம்.

அவரை நம்புங்கள். கைம்மாறு இல்லாமல் கேட்டேன், கொடுத்தார். ஆனால் பிள்ளை வலிக்குது என்றால், அதையும் அவர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடமாக அவள் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான்தான் இழுத்துக்கொண்டு நடந்தேன். உட்கார்ந்து எழுந்து போங்கள். மலை எங்கேயும் போய்விடாது.