கஞ்சி வரிசையும் காலி நாற்காலியும்

என் மனைவி எஸ்தர் சாகும்போது நான் பக்கத்தில் இல்லை. இருந்திருக்க முடியும். இருக்கச் சொல்லிக் கெஞ்சினாள். நான் கஞ்சி ஊற்றப் போய்விட்டேன்.

அது பாதிதான். மீதியையும் கேளுங்கள். "அவள்தான் என்னை ஊழியத்துக்கு அனுப்பி வைத்தாள்" என்று அவள் குழியருகே நின்று, சபையார் எல்லோரும் கேட்கப் பொய் சொன்னேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் சாவு வீட்டில்கூடச் சிரிக்க வைக்கும் ஆள் நான். சுரங்க பஸ்ஸில் எனக்கென்று ஜன்னலோர சீட். நான் ஏறாத நாளில் ஷிப்ட்டே களை கட்டாது என்பார்கள். அந்தக் கோமாளிதான் இது... நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

நான் பல காலம் கான்ட்ராக்ட் தொழிலாளி. கூப்பிட்டபோதெல்லாம் ஓவர்டைம் பார்த்தேன். சூப்பர்வைசர் வீட்டுக்கு முருங்கைக்காய் சுமந்தேன், அவர் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஒருநாள் பர்மனென்ட் ஆனேன். உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று மண்டையில் பதிந்துவிட்டது. மேலே இருப்பவரும் ஒரு சூப்பர்வைசர்தானே?

புயல் வந்து முந்திரி மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன மறு வருடம், எஸ்தருக்குப் புற்றுநோய் என்றார்கள். கொஞ்ச மாதங்களில், "வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. உடனே ஓடத் தொடங்கினேன்.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினேன். ரத்தம் கொடுத்தேன். முதியோர் இல்லத்துக்கு அரிசி சுமந்தேன். யாரோ ஒரு பெரியவருக்குக் கால் நகம்கூட வெட்டிவிட்டேன்! என் கால் நகத்தையே வெட்டச் சொல்லி எஸ்தர் நச்சரிக்க வேண்டியிருக்கும்...

எஸ்தர், பழைய மிஷன் ஊரான மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. பாலோடு வேதத்தையும் குடித்து வளர்ந்தவள். என் ஓட்டத்தைப் படுக்கையிலிருந்தே பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாங்க, ஆண்டவர்கிட்ட ஓவர்டைம் பாத்துகினு கீறீங்களா?"

"பர்மனென்ட் ஆர்டர் கையில வர்ற வரைக்கும் பாப்பேன்டி."

"அவுரு எப்பவோ குடுத்துட்டாருங்க. நாம ஒண்ணும் செய்யாதப்பவே குடுத்துட்டாரு. அதுக்குப் பேருதான் கிருபை. நீங்க சுத்துனது போதும், செத்த நேரம் இங்க உக்காருங்க."

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செல்வியிடம் சொல்லி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலருகே போட வைத்திருந்தாள். எனக்காக.

நான் உட்காரவில்லை. ஏன்? சேவையில் மும்முரமா? பொய்! அந்த அறையின் மருந்து வாடை, புடவைக்குள் தேடவேண்டியதாகிவிட்ட அவள் உடம்பு, நான் எந்த நகைச்சுவை சொன்னாலும் அதைத் தாண்டி என்னையே பார்த்த அந்தக் கண்கள்... பயம்! அதற்கு நான் சூட்டிய பெயர் நற்கிரியை.

பெரிய வெள்ளி வந்தது. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவது எங்கள் வழக்கம். காலையில் கிளம்பும்போது எஸ்தர் என் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"இன்னிக்கு மட்டும் போவாதீங்க. எனக்கு என்னமோ பண்ணுது. பக்கத்துல இருங்க."

விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். "உனக்காகத்தான்டி போறேன்" என்றேன்.

வரிசையில் வழக்கம்போல் கலாட்டா. "துவையல் ரெண்டாம் தடவை கேக்கறவங்களுக்குப் பரலோகத்துல இடம் கிடையாது!" என்று கத்தினேன். சிரித்தார்கள். அப்போது செல்வியின் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருவதைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது.

"அண்ணே, உடனே வாங்க..."

"இன்னும் வரிசை இருக்கு" என்றேன்.

ஆம், அப்படித்தான் சொன்னேன்! அடுத்த பாத்திரத்துக்கு ஊற்றினேன். அதற்கடுத்ததற்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும், அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று... அவர் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்க வேண்டியிருந்தது.

வீட்டில் சிவப்பு நாற்காலியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். எஸ்தரின் கை அவள் மடியில் கிடந்தது.

"வாசல்ல சத்தம் கேக்கறப்பல்லாம் 'அவரா?'ன்னு கேட்டாங்கண்ணே" என்றாள்.

அடக்கத்தன்று போதகர் என் தோளைத் தொட்டு, "இந்த நிலையிலயும் ஊழியத்துக்கு வந்தீங்களே!" என்று தழுதழுத்தார். எல்லோர் கண்ணும் என்மேல். அப்போதுதான் அந்தப் பொய் தானாக வந்து விழுந்தது. கூட்டத்தில் செல்வி தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். இன்றுவரை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை...

அதன்பின் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் கரண்டியை என் கையில்தான் தருகிறார்கள். "எஸ்தரம்மா அனுப்பி வெச்ச கை" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஊற்றுகிறேன். சிரிக்க வைக்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். உங்களிடம் இதை ஒப்புக்கொள்கிறேனே, இதுவும் ஓவர்டைம்தானோ? உண்மையைச் சொன்ன புண்ணியத்துக்கு மன்னிப்பு கேட்டு நிற்கிறேனோ? எஸ்தர் இருந்தால் சொல்லியிருப்பாள், அது எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று. சும்மா கிடைப்பதை எப்படி வாங்குவது? எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே...

நாற்காலி கட்டிலருகே அப்படியே இருக்கிறது. நேற்றுக்கூட உட்கார்ந்துவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். கட்டில் காலி. இருந்தும் ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு, வெளியே வந்துவிட்டேன்.