இடுப்பில் செருகிய கயிற்று நுனி

அண்ணியின் காலை வாரிவிடும் நாத்தனார்களைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை உண்டு. இது அந்த வகையல்ல. ஞாயிறு தவறாமல் அண்ணியின் உயிரைக் கயிற்றில் கட்டிக் கையில் பிடித்து, பதினைந்து வருடமாக ஒரு கீறலும் விழாமல் தரையிறக்கிய நாத்தனாரின் கதை. அந்தக் கயிற்றின் மறுமுனையில் தொங்கிய அண்ணியின் கதை என்று சொன்னால் இன்னும் சரி.

அண்ணி தையல்காரி. ரயில் பாதையை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே அவளுடைய கடை. திரைச்சீலை, சோபா உறை, மெத்தை உறை என்று பெரிய துணியாகத்தான் தைப்பாள். கையைத் தூக்கினால் கூரை இடிக்கும் அந்த அறைக்குள் ஒரு முழு மண்டபத்துக்கான திரை மடிந்து கிடக்கும். ரயில் போகும்போதெல்லாம் கத்தரிக்கோல் மேசைமேல் ஒரு விரலளவு நகரும். அதை நகர்த்தி வைத்துவிட்டுத் தைப்பாள். நூல் நுனி தொங்கினால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. தன் துணியானாலும் சரி, பிறர் துணியானாலும் சரி, கண்ணில் பட்டால் கை தானாகப் போய் உள்ளே செருகிவிடும். ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத மனிதரின் காலரைச் செருகிவிட்டு, அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் அந்தப் பேருந்தைத்தான் ஓட்டுகிறாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்று பணிமனையில் அவளுக்கு ஒரு வில்லை கொடுத்திருக்கிறார்கள். அதைச் சட்டையில் குத்தாமல் அவள் வண்டியை எடுக்கமாட்டாள்.

இருவருக்கும் நடுவில் ஒரே மனிதர். ஒருத்திக்குக் கணவர், ஒருத்திக்கு அண்ணன். மருந்துக்கடையில் வேலை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பாறை பாறையாகத் தொற்றி ஏறுகிறார்களே என்று யாராவது கேட்டால், "உயரம் பூராவையும் அவங்களே எடுத்துக்கிட்டாங்க, எனக்கு மிச்சம் வைக்கல" என்பார்.

பாறைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு வந்ததே ஒரு கிழிசலால்தான். நாத்தனாருடைய கணவனின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு பல் டாக்டர். அவருடைய மலையேறும் பையின் பட்டை அறுந்துபோக, தையல்காரி தைத்துக் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கைவிட்ட கல்குவாரிக்குப் போனவள், டாக்டர் செங்குத்துப் பாறையில் பல்லியைப் போல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "இதுல ஏற எத்தனை நாள் பழகணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அடுத்த ஞாயிறு துணைக்கு என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குவாரிக் கூட்டம் பதினான்கு பேர். தபால்காரர், பேக்கரிக்காரர், டாக்டர் என்று ஆளுக்கொரு தொழில். அவர்களிடம் ஒரு வழக்கம். பாறை அடியில், தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு நோட்டு. யார் என்ன தப்பு செய்தாலும், அதை எவரும் பார்க்காவிட்டாலும், தன் கையால் எழுதி, அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. தப்பு முடிச்சைப் பற்றியது என்றால், அந்தப் பருவம் முழுக்க அந்த ஆள் பெரிய மலையில் முன்கயிற்றில் போக முடியாது. இந்த நோட்டில் ஒருமுறைகூட எழுதாத ஒரே ஆள் தையல்காரி. மற்றவர்களை எழுதவைத்ததில் பாதி அவள் பங்கு. தபால்காரர் காலணி வார் கட்டாமல் இரண்டடி ஏறியதற்கே அவரைப் பேனாவைப் பிடிக்கவைத்தவள் அவள்.

பெரிய மலை என்பது பனிமலை. பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போய், பிறகு இரண்டு நாள் நடக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை நான்கு பேர் போவார்கள். இரண்டு பேருக்கு ஒரு கயிறு. முன்கயிற்றில் முதலில் போகிறவர் பனியில் படி வெட்டிக்கொண்டு போவார், மற்ற மூவரும் அந்தப் படியில் கால் வைத்து வருவார்கள். உச்சிக்கு முந்திய பனி முகட்டில் யார் காலும் படாத வெள்ளையில் முதல் அடி வைக்க வேண்டும் என்பது தையல்காரியின் பதினோரு வருட ஆசை. ஒரு வருடம் முட்டி வலி. இரண்டு வருடம் பனிப்புயல். ஒரு வருடம் மூத்த மகளின் பிரசவம், அதுவும் இரட்டை. இப்படியே தள்ளிப்போய், இந்த வருடம் டாக்டரே சொன்னார்: "முன்கயிறு தையல்காரம்மாவும் நாத்தனாரும். முதல்ல போறது தையல்காரம்மா. நானும் தபால்காரரும் பின்னாடி வரோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நாத்தனாரும் தட்டினாள், ஆனால் சத்தம் வரவில்லை. அவளுக்கும் அதே ஆசை இருந்தது.

கிளம்ப மூன்று வாரம் இருந்தபோது ஒரு ஞாயிறு காலை. நாத்தனார் வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தையல்காரியின் கணவர் பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டுவந்த தேநீருக்குக் காவல் இருந்தார். தையல்காரி கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். எட்டு முடிச்சு என்பது இரண்டு பாதி. முதலில் கயிற்றில் எட்டு போல ஒரு முடிச்சு. பிறகு நுனியை இடுப்புப் பட்டைக்குள் விட்டு எடுத்து, அதே எட்டின் தடத்தில் திரும்ப ஓட்டி இறுக்க வேண்டும். முதல் பாதி முடிந்து நுனி பட்டைக்குள் போன நேரத்தில் கணவர் திரும்பாமலே கேட்டார்.

"ஏய், பிளாஸ்க் மூடி எங்க?"

"உங்க சட்டைப் பையில பாருங்க."

"இல்லையே."

"இன்னொரு பையிலங்க. எல்லாத்துக்கும் நானே வரணுமா?"

சொல்லிக்கொண்டே அவள் கை தன் பழக்கத்தைச் செய்தது. தொங்கிய கயிற்று நுனியை இடுப்புப் பட்டைக்குள் அழகாகச் செருகியது. பார்க்க வேலை முடிந்த முடிச்சு போலவே இருந்தது. ஏறும் முன் ஒருவர் முடிச்சை மற்றவர் இழுத்துப் பார்க்க வேண்டும். நாத்தனார் ஓரக்கண்ணால் பார்த்து, "போங்க" என்று மட்டும் சொன்னாள்.

இருபது மீட்டர். மேலே பாறையில் அடித்த சங்கிலி. கயிற்றை அதில் மாட்டிவிட்டு, கீழே இறங்கப் பின்னால் சாய்வதற்கு முன் அவள் குனிந்து இடுப்பைப் பார்த்தாள். எட்டு ஒற்றையாக இருந்தது. செருகிய நுனி பட்டைக்குள் விரல் நீளம்கூட இல்லை, ஏற ஏற உருவிக்கொண்டே வந்திருக்கிறது. சாய்ந்திருந்தால் கயிறு மேலேயும் அவள் கீழேயும்.

ஒரு கையால் சங்கிலியைப் பிடித்து, மறுகையால் இடுப்புப் பட்டையில் தொங்கிய சின்ன வாரை எடுத்துச் சங்கிலியில் கொக்கி மாட்டினாள். முடிச்சை முழுசாகப் போட்டு, மூன்று தரம் இழுத்துப் பார்த்து, கீழே கயிற்றைப் பிடித்திருந்த நாத்தனாரிடம், "விடும்மா" என்றாள்.

தரையில் நாத்தனார் கேட்டாள்: "மேல என்ன அவ்வளவு நேரம்? காத்து வாங்கினீங்களா?"

"சங்கிலியில துரு. பாத்துட்டிருந்தேன்."

யாரும் பார்க்கவில்லை. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதினால் பனி முகடு போயிற்று. அது மட்டுமா? இழுத்துப் பார்க்காத நாத்தனார் பெயரும் கூடவே வரும், வில்லை குத்திக்கொண்டு வண்டி ஓட்டுகிறவள். அவளைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தொண்டையில் இறங்கவில்லை. ஒரு மழலைப் பள்ளிக்குப் பறவைப் படம் போட்ட திரை தைக்கக் கொடுத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை தைத்து முடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தால் அத்தனை பறவையும் வௌவாலாகத் தலைகீழாகத் தொங்கின. கணவர் பார்த்துவிட்டு, "புதுசா இருக்கு" என்றார். அவள் உட்கார்ந்து எல்லாத் தையலையும் பிரித்தாள். பிரித்துக்கொண்டிருக்கும்போதே முடிவு வந்துவிட்டது.

புதன் மதியம் பணிமனைக்குப் போனாள். நாத்தனார் நின்ற வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, டிக்கெட் எடுக்காம ஏறிட்டீங்க?"

"சங்கிலியில துருவே இல்லம்மா" என்று தையல்காரி ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

நாத்தனார் ரொட்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் இழுத்துப் பாக்கல."

"நுனி செருகியிருந்துச்சு, யார் பாத்தாலும் ஏமாந்திருப்பாங்க."

"பாத்தாத்தானே ஏமாற? நான் உங்க மேல கடுப்புல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். முன்னாடி போறது நீங்கன்னு சொன்னதிலிருந்து எனக்கு வயித்தெரிச்சல்."

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா விட்டுக் கொடுக்கணுமே."

நாத்தனார் சிரித்துவிட்டாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகத் திரும்பியது. சட்டையிலிருந்த வில்லையைத் தடவினாள். "எங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? சொல்லுங்க."

"நான் எழுதறேன். உன் பேரு வேண்டாம்."

"என் தப்பை நீங்க என்ன எழுதறது? என் கையெழுத்து உங்களுதை விட நல்லா இருக்கும்."

ஞாயிறு இருவரும் எழுதினார்கள், இருவரும் படித்தார்கள். தையல்காரி நான்கு வரியைப் படிக்க நான்கு தரம் தண்ணீர் குடித்தாள். நாத்தனார் பேருந்து நிறுத்தம் சொல்கிற குரலில் ஒரே மூச்சில் படித்தாள். படித்து முடித்ததும், பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து திரும்பினார். பதினைந்து வருடத்தில் அவர் அந்தப் பாறையை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான்.

"பிளாஸ்க் மூடி என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அதையும் எழுதிக்கோங்க. முடிச்சு போடறப்ப யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. நானும்தான்."

தபால்காரர்தான் முதலில் சிரித்தார். காலணி வாருக்கு எழுதிய கடன் தீர்ந்த சிரிப்பு அது. டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். முன்கயிறு இனி அவருக்கும் தபால்காரருக்கும், பெண்கள் இருவரும் பின்கயிற்றில். இன்று முதல் எவர் முடிச்சானாலும் நுனி ஒரு சாண் வெளியே தொங்க வேண்டும், எவரும் செருகக் கூடாது.

பனிமலையில் அந்த வருடம் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. முகட்டில் டாக்டர் படி வெட்டிக்கொண்டு முன்னால் போனார். நெட்டைக் கால்காரர் வெட்டிய படி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு ஆளே படுக்கலாம்.

"பல்லைப் பிடுங்கிட்டு நடுவுல இடம் விட்ட மாதிரி வெட்டியிருக்கார் பாரு" என்றாள் தையல்காரி, மூச்சு வாங்கிக்கொண்டே. நாத்தனார் சிரித்ததில் கயிறு குலுங்கியது. இரண்டு படிக்கு நடுவில் தையல்காரி தனக்கென்று ஒரு சின்னப் படி வெட்டிக்கொண்டாள். பிறகு இன்னொன்று. உச்சிவரை அப்படியே போனாள்.

உச்சியில் நால்வரும் நெருக்கியடித்து நின்றார்கள். கீழே வந்த வழி முழுக்கப் பெரிய படிகளும், நடுவே அவளுடைய சின்னப் படிகளும் வரிசையாகத் தெரிந்தன.

"வருத்தமா அண்ணி?"

"அந்தக் கடைசி வளைவு வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் படி வெட்டற வேலையில மறந்துட்டேன்." நாத்தனார் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அடுத்த வருஷம் நீ முன்னாடி போ."

"நீங்க?"

"பின்னாடியே குத்தம் சொல்லிக்கிட்டு வரேன்."

இறங்கும் முன் நாத்தனார் முட்டி போட்டு, அண்ணியின் முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். ஒரு சாண் நுனி வெளியே தொங்கிக் காற்றில் படபடத்தது. தையல்காரியின் கை தானாக அதை நோக்கிப் போனது. நாத்தனார் அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"தொங்கட்டும்."

தையல்காரி கையை எடுத்துக்கொண்டாள். தொங்கட்டும் என்று விட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தாள்.