அரண்மனைப் பொம்மையும் கிரெக்கின் நாற்காலியும்

1. சூனியப் பொம்மை செய்ய ஆள் தேவை

வேலையில் சேர்ந்த முதல் நாள் கிரெக் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சூனியம் வைக்கிற பொம்மை செய்வீங்களா?" என்பதுதான்.

நான் மன்னாரில் தச்சு வேலை பழகியவன். நியூசிலாந்துக்கு வந்து விரி என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு, அடித்தேன். முதுகு பிடிக்கத் தொடங்கியதும் வேறு வேலை தேடினேன். நான் குடியிருக்கும் ரானுயிக்குப் பக்கத்தில், ஒரு பழைய கிடங்கில் சீனத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு செட் போடுகிறார்கள், தச்சர்கள் தேவை என்று தெரிந்தது. கதவு, ஜன்னல், தூண் என்று ஏதாவது தருவார்கள் என நினைத்துக்கொண்டு என் உளிப் பையோடு போய் நின்றேன்.

கிரெக் அங்கே ஆர்ட் டைரக்டர். செட் முழுவதும் அவர் பொறுப்பு. உயரமான மனிதர், எப்போதும் இறுக்கமான சாம்பல் நிறக் காற்சட்டை. சூனியப் பொம்மை செய்ததில்லை, ஆனால் மரம் கிடைத்தால் எதையும் செய்வேன் என்றேன். அன்று மாலைக்குள் எனக்கு ஒரு மேசையும், கூடை நிறையப் பைன் மரத் துண்டுகளும் கிடைத்தன.

கதையை எனக்குச் சொன்னவர் மேடம் ஷு. நியூ லின்னில் வசிப்பவர், சீன வரலாறு படித்தவர். தொடரில் பிழை வராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய கதை அது. ஒரு பேரரசருக்கு வயதாகிறது, உடம்பு சரியில்லை. தனக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று நம்பத் தொடங்குகிறார். ஒரு அதிகாரி, அரண்மனைத் தரையைத் தோண்டினால் மரப் பொம்மைகள் கிடைக்கும் என்கிறார். தோண்டுகிறார்கள். தோண்டத் தோண்டக் கிடைக்கிறது. கடைசியில் பட்டத்து இளவரசனின் மாளிகையிலும் பொம்மை கிடைக்கிறது. அந்த இளவரசன் அரசனாகிவிட்டால் தன் தலை போய்விடும் என்று அஞ்சியவர் அந்த அதிகாரி என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"அப்ப பொம்மையை வைச்சது யார்?" என்று கேட்டேன்.

மேடம் ஷு தேநீரை ஊதிக் குடித்தார். "தோண்டினவன்தான்னு நிறையப் பேர் சொல்றாங்க" என்றார்.

நான் செய்த பொம்மைகளுக்கு முகம் சரியாக வரவில்லை. முதல் பொம்மை எங்கள் ஊர்த் தேவாலயத்துச் சூசையப்பர் மாதிரியே இருந்தது. கிரெக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவர் யாருக்கும் கெடுதல் செய்யமாட்டார் போலிருக்கிறதே என்றார். அதன்பிறகு மூக்கையும் வாயையும் குறைத்தேன். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழையதாக்கினேன். பழுதானவையும் சின்னவையும் ஒரு பெட்டியில் சேர்ந்தன. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் தடுக்கவில்லை.

2. இரண்டு அரசர்கள்

செட்டுக்குள்ளே இருந்த அரசியலையும் சொல்ல வேண்டும்.

உடை அலங்காரத்துக்குத் தலைவி மெலிசா. அவருக்கும் கிரெக்குக்கும் ஆகாது. மஞ்சள் பட்டு எந்த மஞ்சள் என்பதில் தொடங்கிய சண்டை, பிறகு எதற்கென்று இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் தயாரிப்பாளர் ஹெலன் ஒரு செய்தியை விட்டார். அடுத்த சீசனுக்கு இரண்டு பிரிவையும் ஒரே ஆளின் கீழ் கொண்டுவரப் போகிறாராம்.

அன்றிலிருந்து ஸ்மோகோ நேரத்தில், அதாவது தேநீர் இடைவேளையில், இரண்டு கட்சி. செட் ஆட்கள் ஒரு மேசை, உடை ஆட்கள் ஒரு மேசை. நான் கிரெக்கின் ஆள் என்றாலும் செல்வியோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். செல்வி மதுரைப் பெண், மெலிசாவிடம் தையல் வேலை. கை அவ்வளவு சுத்தம். அவளுடைய வேலை விசா இந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. இங்கே வேலை போனால் விசாவும் சிக்கல். கணவன் ஒரு வீட்டுக்கு டெபாசிட் சேர்த்துக்கொண்டிருந்தான். அதனால் அவள் யாரோடும் முறைத்துக்கொள்ளமாட்டாள்.

ஷாங்காயிலிருந்து முதலீட்டாளர்கள் செட்டைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் போன மறுநாள் காற்றில் அரண்மனை வாயிற்கதவு ஒன்று சாய்ந்தது. அடுத்து, அரசராக நடித்தவரின் தாடி மழையில் கழன்று சூப் கிண்ணத்தில் விழுந்தது. அதற்கடுத்து கிரெக்கின் கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பிப் பார்த்தார். அரசரைவிட அவரே கம்பீரமாக இருந்தார்.

3. நாற்காலியைக் கவிழ்த்தார்கள்

வேலையிடத்தில் உடம்புக்கு வந்தால் இங்கே ஒரு நடைமுறை உண்டு. ஹெல்த் அண்ட் சேஃப்டி பார்க்கிற வெய்ன் வந்தார். கிரெக்கின் மேசை உயரத்தை அளந்தார். நாற்காலியைச் சோதிக்க அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சாய்மானத்துக்கும் இருக்கைக்கும் நடுவிலிருந்து என்னுடைய பொம்மை ஒன்று கீழே விழுந்தது.

அதன் உடம்பில் சிவப்புப் பட்டு சுற்றியிருந்தது. உடம்பு முழுக்கக் குண்டூசி. நெஞ்சில் ஒரு சாம்பல் நிறத் துணித் துண்டு குத்தியிருந்தது. கிரெக்கின் காற்சட்டைத் துணி.

நான் அப்போது பக்கத்தில் கதவுப் பிணைச்சல் மாட்டிக்கொண்டிருந்தேன். கிரெக் அதைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு மெல்லிய குரலில், "நான் யார் மேலயும் பழி போட விரும்பல" என்றார். அதைச் சொல்லிவிட்டு உடை அறை இருக்கும் பக்கம் முழு உடம்போடு திரும்பினார்.

சூனியம் என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாகரிகமான இடம். 'மனரீதியான அச்சுறுத்தல்' என்றார்கள். 'பாதுகாப்பற்ற பணிச்சூழல்' என்றார்கள். வெய்ன் கையுறை போட்டுக்கொண்டு பொம்மையை ஒரு ஜிப் பைக்குள் போட்டு, ஹெலனுக்கும் மெலிசாவுக்கும் மட்டும் காட்டினார். ஹெலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, என் பண்பாட்டில் இதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று கேட்டார். நான் கத்தோலிக்கன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதோடு சரி என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

மறுநாள் எல்லாப் பிரிவிலும் சோதனை. மேடம் ஷு சொன்ன கதை கண்முன்னே நடந்தது. தேடத் தேடப் பொம்மை. கேட்டரிங் வண்டியில் சமையல்காரர் கதவு சாத்தாமலிருக்க ஒன்றைச் செருகியிருந்தார். கேமரா உதவியாளரின் காரில் கண்ணாடிக்குக் கீழே ஒன்று தொங்கியது. அரசர் தன் அறையில் முதுகு சொறிய ஒன்று வைத்திருந்தார், அதைக் கொடுக்க மறுத்துவிட்டார். வெய்ன் எல்லாவற்றையும் பைகளில் போட்டு ஹெலனின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஹெலனின் மேசையில், காகிதம் பறக்காமலிருக்க ஒன்று படுத்திருந்தது. சோதனை அத்தோடு நின்றது.

ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஊசி குத்தினது ஊசி வைத்திருப்பவர்கள்தானே என்று செட் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். மெலிசா பயந்துவிட்டார். தன் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். செல்வியிடம், விசாரணை முடியும்வரை வீட்டிலிருந்தால் நல்லது என்றாராம்.

4. செல்வி சொன்னது

பாதிரியாரைப் பார்த்த பாவி மாதிரி செல்வி என் மேசைக்கு வந்து நின்றாள். பொம்மை அவள் கண்ணில் படுவதற்கு முன்பே பைக்குள் போய்விட்டது. அவள் கேட்டதெல்லாம் வதந்திதான்.

"அண்ணே, அந்தப் பொம்மை எப்படி இருந்துச்சு, நீங்க பாத்தீங்கதானே?"

"ஓம் பிள்ளை. சிவப்புப் பட்டு சுத்தி, ஊசி குத்திக் கிடந்தது. உள்ளுக்குப் பஞ்சு வைச்ச மாதிரிப் புடைச்சுக் கிடந்தது. கிரெக்கின்ட சாம்பல் துணியும் ஒரு துண்டு."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அது என் பின் குஷன்ணே. உங்க பெட்டியில எடுத்த பொம்மைக்குப் பஞ்சும் பட்டும் சுத்தி ஊசி குத்தி வைப்பேன், சாப்பிட வரும்போது கழட்டி வெச்சிருவேன்."

நடந்தது இதுதான். முதலீட்டாளர்கள் வந்த அன்று, அவர்களுக்கு வாயிற்கதவின் அடிப்பகுதியைக் காட்டுவதற்காகக் கிரெக் குனிந்து ஒத்திகை பார்த்திருக்கிறார். காற்சட்டை பின்பக்கம் கிழிந்துவிட்டது. வண்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. அந்த வழியாகப் போன செல்வியைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அழைத்திருக்கிறார். அரசரின் கட்டில் விரிப்பைச் சுற்றிக்கொண்டு அவர் கதவுக்குப் பின்னால் நிற்க, இவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருக்கிறாள். நூலுக்கு நிறம் பார்க்க ஒரு துண்டை வெட்டி, இடுப்பில் தொங்கிய பின் குஷனில் குத்தியிருக்கிறாள். அவசரத்தில் குஷன் அங்கேயே விழுந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கிரெக் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"அப்ப கிரெக்குக்கு இது தெரியும்" என்றேன்.

"தெரியாம இருக்குமாண்ணே. அவரு பேண்ட்டு துணி அவருக்குத் தெரியாதா?"

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா மெலிசா என்னைய விடுவாங்களா? நம்ம ஆளு எதிரிக்குப் பேண்ட் தச்சுக் குடுத்துருக்கான்னு நெனப்பாங்க. சொல்லலைன்னா நான் சூனியக்காரி. எப்படிப் போனாலும் விசா போச்சு."

மதிய உணவின்போது மேடம் ஷுவிடம், அந்த அதிகாரிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கிரெக் பக்கத்து மேசையில்தான் இருந்தார், குரலை நான் குறைக்கவில்லை. மேடம் ஷு நிதானமாகச் சொன்னார். இளவரசன் அந்த அதிகாரியைப் பிடித்துத் தலையை வெட்டினான். தலைநகரில் சண்டை மூண்டது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இளவரசனும் அவன் தாயும் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். பிறகுதான் பேரரசருக்கு மகன் மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. மகனை நினைத்து அழ ஒரு மாளிகை கட்டினார்.

கிரெக் சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நேரே ஹெலனிடம் போய் உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். கழிவறைக்குத்தான் போனார்.

5. ஹெலனின் அறையில்

மாலையில் கூட்டம். ஹெலன், வெய்ன், கிரெக், மெலிசா. பொம்மை செய்தவன் என்பதால் என்னையும் அழைத்தார்கள். நான் செல்வியிடம், "நீங்களும் வாங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்" என்றேன். வருவாள் என்று நம்பிக்கையில்லை. வந்தாள்.

உள்ளே போனதும் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் மேசையிலிருந்த ஜிப் பையைத் திறந்தாள். தொடக்கூடாது என்று வெய்ன் எழுந்தார். அவள் பொம்மையிலிருந்து ஒரு குண்டூசியை உருவினாள். ஹெலனின் சட்டைக் கையில் மடிப்பு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை மடித்து ஊசியைக் குத்தினாள். இன்னொன்றை உருவி அதையும் குத்தினாள்.

"இது என் பின் குஷன். தினமும் இடுப்புல கட்டியிருப்பேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெய்ன் தொண்டையைச் செருமினார். அது எப்படிக் கிரெக்கின் நாற்காலிக்கு வந்தது என்று கேட்டார்.

"அதை அவரே சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

எல்லோரும் கிரெக்கைப் பார்த்தார்கள். கழுத்து திரும்பாததால் அவர் வேறு பக்கம் பார்க்கவும் முடியவில்லை. காற்சட்டையில் தொடங்கினார். கட்டில் விரிப்பு வரும்போது ஹெலன் கையால் வாயை மூடிக்கொண்டார். மெலிசாவால் முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தப் பதவி தன் மடியில் வந்து விழுந்துவிட்டது என்ற சிரிப்பு அது.

ஹெலன் அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கேட்டார்.

"மெலிசா, செல்வி இதைத் தினமும் இடுப்புல கட்டியிருந்தான்னா நீங்க தினமும் பாத்திருப்பீங்களே. பையில பாத்தப்ப ஏன் சொல்லல?"

மெலிசா வாயைத் திறந்தார். மூடினார். பொம்மை தன் அறையிலிருந்து போனது என்று தெரிந்தால் தன் பெயர் கெடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதற்குச் செல்வி ஒருத்தி வீட்டுக்குப் போனால் பரவாயில்லை. இதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இரண்டு பிரிவையும் சேர்க்கிற யோசனையை ஹெலன் அன்றே கைவிட்டார். கிரெக்கின் கழுத்துக்குக் காரணம் கம்ப்யூட்டர் திரை தாழ்வாக இருந்ததுதான் என்று வெய்ன் முடிவெழுதினார். செல்வியின் விசா புதுப்பிக்க வேண்டி வந்தபோது ஆதரவுக் கடிதத்தில் ஹெலனே கையெழுத்திட்டார். கிரெக் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டார், சாக்லேட்டும் கொடுத்தார். அவள் சாக்லேட்டை வாங்கிக்கொண்டாள். மன்னிப்பைப் பற்றி அவள் என்னிடம் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

6. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

நான் வேலையை விட்டு ஓய்ந்துவிட்டேன். இன்னும் சில சமயம் அதை யோசிப்பேன். அந்தக் கட்டடத்தில் சூனியத்தை நம்பியவர் ஒருவர்கூட இல்லை. இருந்தும் சூனியத்துக்கான எல்லாக் காரியமும் நடந்தது. பதவிக்கு ஆசைப்பட்ட இருவருக்கும் அது என்ன என்று முதல் பார்வையிலேயே தெரியும். மற்றவர்கள் எல்லோரும் இதை யார் செய்தது என்றுதான் கேட்டார்கள். இது என்ன என்று ஒருவர் கேட்டிருந்தால், அங்கே வேலை செய்த எந்தத் தையல்காரியும் பதில் சொல்லியிருப்பாள்.

ஆகவே வேலையிடத்தில் பயங்கரமான எதையாவது கண்டெடுத்தால், முதலில் அது என்ன என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அறையில் யார் பதில் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.