பதினாலாம் குழியின் மணல்

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். செம்பூரில் புதிதாக எழும்பியிருக்கும் கட்டடம், இருபத்திரண்டாவது மாடி. 'அம்மோனியா இல்லாதது' என்று டப்பாவில் போட்டிருந்தார்கள். திறந்ததும் மூக்கைத் துளைத்ததென்னவோ அம்மோனியாதான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு கீழே பார்த்தால், கோல்ஃப் மைதானம். முழுசாக, மேலேயிருந்து. எத்தனையோ வருடம் அதன் சுவரை ஒட்டி பஸ்ஸில் போயிருக்கிறேன், இப்படிப் பார்த்தது முதல் தடவை. ஆனால் எனக்கு அந்த மைதானம் மேலேயிருந்துதான் பழக்கம். அதில் பாதியை வரைந்தவள் நான்.

பெருமை அடித்துக்கொள்வதாக நினைக்க வேண்டாம். வடிவமைத்தவள் இல்லை, வரைந்தவள். அந்தக் காலத்தில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தோட்டக்கலை வடிவமைப்பு அலுவலகம், அதில் ட்ராஃப்ட்ஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் சம்பளச் சீட்டில் 'மேன்' என்றுதான் இருக்கும். எங்கள் படங்களைப் பிரதி எடுக்கும் இயந்திரம் அம்மோனியா ஆவியில் ஓடுவது. காலையில் தலையில் வைத்துக்கொண்டு போன மல்லிகை மத்தியானத்துக்குள் மணத்தைப் பறிகொடுத்துவிடும். சாயங்காலம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தைச் சுளித்துத் தள்ளி உட்காருவார்கள். குர்லாவில் மாறி மாட்டுங்கா போகிற அந்தக் கூட்டத்தில் அதுவும் ஒரு வசதிதான்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. ட்ரேசிங் தாளை மேசையில் இழுத்து ஒட்டி, மசிப் பேனாவால் கோடு இழுக்க வேண்டும். தப்பு வந்தால் சவர பிளேடைப் பாதியாக உடைத்துச் சுரண்ட வேண்டும். பதமாகச் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மேலே மறுபடி கோடு போட்டால் பிரம்மனுக்கும் தெரியாது. சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு முடிந்தால் நிரந்தரம். அப்பா ஓய்வு பெறப்போகிற வருடம் அது, வீட்டில் எல்லோரும் என் ஆறாவது மாதத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் பெரிய சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றுக்காக மைதானத்தைத் திருத்தும் வேலை எங்களுக்கு வந்தது. எங்கள் முதலாளி குல்கர்னி சார் கோல்ஃப் பைத்தியம். ஒரு நாள் என் மேசையில் ஸ்கேலைக் கிடத்தி, ரப்பர்த் துண்டுகளை அங்கங்கே வைத்துப் பாடம் நடத்தினார். மட்டையால் பந்தை அடித்துத் தூரத்தில் உள்ள குழியில் போட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் போகிற வழியில் மணல் பள்ளங்களை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் வடிவமைப்பவனின் மூளை இருக்கிறதாம். பதினாலாம் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் இடப்பக்கம் ஒரு மணல் பள்ளம். பயந்தவன் வலப்பக்கம் ஒதுங்கி அடிப்பான். அவனுக்குக் கொடி நட்ட புல்தரையின் வாசலில், வலது ஓரத்தில், இன்னொரு மணல் பள்ளம் குறுக்கே நிற்கும். துணிந்து இடப்பக்கப் பள்ளத்தை உரசிப் போனவனுக்கோ வாசல் திறந்திருக்கும். துணிச்சலுக்குப் பரிசு, பயத்துக்கு அபராதம். எனக்கு அந்த விளையாட்டின் மேல் மரியாதையே வந்தது. நான் எந்தப் பக்கம் அடிக்கிற ஆள் என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கவில்லை.

சார் ஊடுருவித் தெரிகிற மெல்லிய பட்டர் பேப்பரில் மெத்தென்ற பென்சிலால் கிறுக்கித் தருவார். எழுத்து கிடையாது, திசைக்குறி கிடையாது, கொடிக்கு ஒரு பெருக்கல் குறி மட்டும். நாங்கள் அதை ட்ரேசிங் தாளுக்கு அடியில் வைத்து மசியில் எடுப்போம். பதினாலாம் குழியின் புல்தரைத் தாள் மின்விசிறிக் காற்றில் பறந்து மேசைக்கடியில் போனது. குனிந்து எடுத்து, தூசி தட்டி, மறுபடி வைத்தேன். பட்டர் பேப்பரில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் வைத்தது பின்பக்கம். வாசலில் வலது ஓரத்தில் இருக்க வேண்டிய மணல் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. அழகாக வரைந்து, பிரதியும் எடுத்து அனுப்பிவிட்டேன்.

மைதானத்தில் வேலையை நடத்தியவர் சேவியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் வீடு, நாற்பத்தைந்து வயது இருக்கும், மண்வெட்டி பிடித்துப் பிடித்து மேஸ்திரி ஆனவர். ஒரு நாள் காலை பிரதியைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, நேராக என் மேசைக்கு வந்து குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. இந்தப் பதினாலுல ஒரு சந்தேகம். தைரியமா இடது பக்கம் ஒட்டி அடிக்கவனுக்கு மொகத்துக்கு நேர மணல் கெடக்கு. பயந்து ஒதுங்கினவனுக்கு வழி தொறந்து கெடக்கே. எங்கயோ இடம் வலம் மாறிருக்கும்போலுக்கு. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் ஏன் குரலைத் தாழ்த்தினார், ஏன் தமிழில் கேட்டார் என்று இன்றைக்குப் புரிகிறது. என் தப்பு மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தது மட்டும். மண் ஒட்டிய காலோடு ஒருவர் வந்து உரிமையோடு தமிழ் பேசுகிறார். நானும் தாராவிதான் என்று நினைத்துவிடுவார்களோ! மாட்டுங்காவில் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் குடியிருந்தோம், அதற்கே அவ்வளவு கெத்து. படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஹிந்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி, "ட்ராயிங் மே ஜைசா ஹை, வைசா ஹீ கரோ" என்றேன். படத்தில் உள்ளபடி செய், அவ்வளவுதான். 'செய்யுங்கள்' என்ற மரியாதைகூட அந்த ஹிந்தியில் இல்லை.

அவர் பிரதியைச் சுருட்டிக்கொண்டு, ஹிந்தியிலேயே "டீக் ஹை மேடம்", சரி மேடம், என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து குல்கர்னி சார் மைதானத்தைப் பார்க்கப் போனார். படச்சுருளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பதினாலாம் குழியைப் பார்த்ததும் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "படத்தைத் தலைகீழாகப் பிடித்தாயா?" என்று சேவியரைப் பார்த்துக் கத்தினார். மழையில் நனைந்து சேவியருடைய பிரதி கூழாகிப் போயிருந்தது, காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. என் கையிலிருந்த சுருளை நானும் விரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆட்களை வைத்துக்கொள்வேன் என்றார் சார். சேவியர் என்னை ஒரு தடவை பார்த்தார். 'நான் கேட்டேன், இவங்கதான் சொன்னாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து அந்த ட்ரேசிங்கை எடுத்து மேசையில் விரித்தேன். மணலை வலப்பக்கம் மாற்றி வரைந்துவிட்டால் தப்பு சேவியருடையதாகவே இருந்துவிடும் என்று அரை பிளேடையும் எடுத்தேன். வளைவின் ஒரு ஓரத்தைச் சுரண்டவும் ஆரம்பித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அரை அங்குலம் சுரண்டியதும் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். ஆறாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.  மூன்றாம் நாள் சாரின் அறைக்குள் போய், நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில், பாடம் ஒப்பிக்கிற மாதிரி மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன்.  அவர் சிரித்தார். இளவயதில் ஒரு குளத்தையே இடம் மாற்றி வரைந்தவராம் அவர். வேலையும் போகவில்லை, சேவியரையும் மாற்றவில்லை. அன்று மாட்டுங்காவில் இறங்கி, பாவம் தீர்ந்த சந்தோஷத்தில் நான்கு முழம் பூ வாங்கினேன்.

தீரவில்லை. சேவியருக்குப் போனது "அதை மூடிவிட்டு அந்தப் பக்கம் வெட்டு" என்ற உத்தரவு மட்டும்தான். யார் தப்பு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

போட்டி நாளன்று எங்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. பதினாலாம் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒருவர் துணிந்து இடப்பக்கம் அடித்தார். அடுத்த அடியில் பந்து திறந்த வாசல் வழியாக உருண்டு கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது, எல்லோரும் கை தட்டினார்கள். இன்னொருவர் வலப்பக்கம் ஒதுங்கினார், அடுத்த அடியில் பந்து நேராக மணலில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மரத்தடியில் சேவியர் தன் ஆட்களோடு நின்றிருந்தார். "ஏ உல்டா மேஸ்திரி, இப்பமாவது நேரா வெட்டிருக்கீரா?" என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். தலைகீழ் மேஸ்திரி என்ற அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவரிடம் போனேன். 'அண்ணாச்சி, நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி, தப்பு என்னோடது' என்று ரயிலிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். என்னைக் கண்டதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார்.

"நமஸ்தே மேடம். அப் டீக் ஹை நா?"

இப்போது சரியாக இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டார். நான் அன்று போட்ட எல்லையை அவர் தாண்டவே இல்லை. என் வாயிலிருந்து வந்ததும், "டீக் ஹை" என்பதுதான்.

அந்த அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. மசிப் பேனா, பட்டர் பேப்பர், அம்மோனியா இயந்திரம் எதுவும் இல்லை. என் மருமகள் கணினியில் வரைகிறாள். இடம் வலம் மாறினால் ஒரு தட்டில் திருப்பிவிடுகிறாள். பால்கனியிலிருந்து தேடிப் பார்த்தேன், பதினாலாம் குழி எது என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் தாராவிக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு என்று எப்போதோ கேட்ட ஞாபகம். விசாரித்து விசாரித்து ஒரு தையல் பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த பெண் சேவியரின் பேத்தி. தாத்தா போய்ப் பல வருடம் ஆகிறது என்றாள். எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடம் வைத்திருந்ததைச் சொன்னேன்: "உங்க தாத்தா அன்னைக்குச் சொன்னதுதான் சரிம்மா. தப்பு என்னோடது."

அவள் சங்கடமாகச் சிரித்தாள். "ஆண்ட்டி, தமிழ் எனக்கு அவ்வளவா வராது. ஹிந்தி மே போலோ நா?"

ஹிந்தியில்தான் சொன்னேன்.