ரூபியின் நெடுக்குக் கோடுகள்

ரூபி பியானோ கற்கத் தொடங்கியபோது அவளுக்கு முப்பது வயது. கணவன் எட்மண்டுக்குச் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. ஊர் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று விட்டுப்போன பியானோவை, 1956இல் அவன் லாரியில் ஏற்றி ஓவன் ரோட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

பக்கத்திலேயே பாடம் சொல்லித்தந்த ஒரு மிஸ்ஸிடம் ரூபி சேர்ந்தாள். ஐந்து கோடுகள், அவற்றின்மேல் புள்ளிகள். வலது கைக்கான கோடுகளில் ஒரு புள்ளி பியானோவின் ஒரு கட்டையைக் குறித்தது. இடது கைக்கான கோடுகளில் அதே இடத்துப் புள்ளி வேறொரு கட்டை. கறுப்புக் கட்டைகளுக்கோ சொந்தமாக இடமே இல்லை. வெள்ளைக் கட்டையின் இடத்தில் ஒரு குறி போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள்.

“ஏன் மிஸ் இப்படி?”

“அது அப்படித்தான். கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணுங்க.”

ரூபிக்குச் சுருக்கென்றது. பொறியாளர் அலுவலகத்தில் வரைபடங்களை மையால் நகலெடுப்பவள் அவள். இப்படிக் குழப்பமாக ஒரு வரைபடம் போட்டால் மறுநாளே வேலை போய்விடும்.

பிறகு ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, ஐரோப்பாவிலிருந்து அஞ்சலில் வரும் பாடத்துக்கு எழுதிப்போட்டாள். அதில் கோடுகள் மேலிருந்து கீழே ஓடின. பியானோவின் கறுப்புக் கட்டைகளைப் போலவே இரண்டும் மூன்றுமாகக் கூடி நின்றன. கோட்டின்மேல் புள்ளி இருந்தால் கறுப்புக் கட்டை, கோடுகளுக்கு நடுவே இருந்தால் வெள்ளைக் கட்டை. அவ்வளவுதான். ஒரு வருடத்தில் ரூபி இரண்டு கைகளாலும் வாசித்தாள். தேவாலயத்தில் பாடும் தமிழ் ஞானப்பாட்டுகள் அந்த முறையில் அச்சில் இல்லாததால், பழைய ஐந்து கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகக் கண்டுபிடித்துத் தானே மாற்றி எழுதிக்கொண்டாள்.

சபையில் வாசிக்க ஆளில்லாதபோது போதகர் அவளைக் கூப்பிட்டார். மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் வாசித்தாள். யாரும் குறை சொல்லவில்லை.

1961இல் தேவசகாயம் பாடற்குழுத் தலைவராக வந்தார். லண்டன் இசைப் பரீட்சைகள் எழுதித் தேறியவர். முதல் ஒத்திகையிலேயே பியானோமேல் இருந்த தாளை உருவி எடுத்தார்.

“என்னம்மா இது, சேலை பார்டரா?”

பாடற்குழு சிரித்தது.

“மியூசிக்தான் சார். நான் எங்கயாவது தப்பா வாசிச்சேனா?”

“தப்பில்லை. ஆனா இது குறுக்கு வழி. பிள்ளைங்க பார்த்தா கெட்டுப்போவாங்க லா. மியூசிக் படிக்கத் தெரியாதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே.”

ஐந்து கோட்டைப் பிரித்துப் பிரித்து எழுதியவளுக்குப் படிக்கத் தெரியாதாம்! முறையாக இசை படித்தவர்கள் மட்டுமே பியானோவைத் தொடலாம் என்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. ரூபியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வருத்தப்படாதீங்க சிஸ்டர்” என்றார் போதகர், அவள் முகத்தைப் பாராமல்.

இரண்டு வருடம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தின வாரம், அதுவரை தானே பியானோ வாசித்துவந்த தேவசகாயம் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். போதகரும் அவரும் ஓவன் ரோட்டுக்கு வந்தார்கள்.

“ஈஸ்டருக்கு நீங்கதான் வாசிக்கணும்” என்றார் போதகர்.

“என் தாளை வச்சுத்தானே?”

தேவசகாயம் தொண்டையைச் செருமினார். “வச்சுக்கங்க. ஆனா வெளியே என் புத்தகத்தை விரிச்சு வச்சுட்டு, உங்க தாளை அதுக்குள்ள வச்சுக்கிட்டா யாருக்கும் தெரியாது.”

ரூபி எழுந்து நின்றாள்.

“நான் என்ன திருட்டுச் சாமானா வச்சிருக்கேன், மறைக்கிறதுக்கு? என் வாசிப்பு வேணும், நான் எழுதினது வேணாமா? போயிட்டு வாங்க சார்.”

அவர்கள் போனதும் எட்மண்ட் மெல்ல, “ஒரு நாள்தானே ரூபி” என்றான். அன்று அவள் அவனோடும் பேசவில்லை.

ஈஸ்டர் ஆராதனையில் பியானோ மூடியே இருந்தது. நடுவரிசையில் உட்கார்ந்து ரூபி உரக்கப் பாடினாள். ‘திமிர் பிடிச்சவ’ என்று வாசலில் சிலர் பேசியது அவள் காதில் விழாமலில்லை.

அந்த வருடமே வீட்டில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு நகைக்கடைக்காரரின் மனைவி சிவகாமசுந்தரி. பியானோ என்றால் ஆங்கிலம் படித்தவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தவள். மூன்று மாதத்தில் தனக்குப் பிடித்த பாட்டுகளை வாசித்துவிட்டு, “இவ்வளவுதானாக்கா? எதுக்கு இத்தனை பயமுறுத்தினாங்க?” என்று கேட்டாள்.

1966இல் வந்த புதிய போதகர், எந்தத் தாளாக இருந்தாலும் சரி, வந்து வாசியுங்கள் என்றார். ரூபி போனாள். தேவசகாயம் மன்னிப்புக் கேட்கவில்லை.

“எல்லாம் சரியாப் போச்சே, இன்னும் ஏன் கோபம்?” என்றான் எட்மண்ட்.

“சரியாப் போச்சா? நான் செஞ்சது தப்பில்லைன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் சொன்னாரா? பாவம் போனாப் போகுதுன்னு விட்டிருக்காங்க, அவ்வளவுதான்.”

பாடம் படிக்க வந்த பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ரூபி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.